கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு எதைக் காட்டுவது?

கேட்வே ஆஃப் இந்தியாவும் கடலும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், சயான் சிக்னலில் வேன் நின்றது. முன் சீட்டில் இருந்த ராமநாதன் அண்ணா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். பக்கத்தில் நின்ற டெம்போக்காரரிடம் தமிழிலேயே கேட்டார்.

"ஏம்ப்பா, தாராவி எந்தப் பக்கம்?"

டெம்போக்காரரும் தமிழர்தான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து இடது பக்கமாக வீசினார். "இந்தா இருக்குல்லா. நீங்க நிக்கதே தாராவி வாசல்லதான்."

அண்ணா முகம் மலர்ந்து திரும்பி என்னைப் பார்த்தார். "வத்ஸலா, இவ்வளவு கிட்டக்க வந்துட்டு பார்க்காம போறதா? ஒரு ரவுண்டு போயிட்டுப் போலாமே."

அண்ணா அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்று சொல்வதற்கு முன், நான் எப்படி அந்த வேனில் வழிகாட்டியாக உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் தலையில் விழுந்த வேலை

என் தம்பி சுந்தரத்தின் பெண் நித்யாவுக்குக் கல்யாணம். மழைக்காலம் முடிந்து, ஊரெல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்த சமயம். அது நடந்து நாலைந்து வருடம் இருக்கும்.

சுந்தரம் செம்பூரில் இருக்கிறான். நான் மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவிலேயே வளர்ந்து, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாலக்காட்டிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவதாக முடிவானதும் சுந்தரம் என்னிடம் வந்தான்.

"அக்கா, சமையல், மண்டபம் எல்லாம் நான் பாத்துக்கறேன். வெளியூர்லேர்ந்து வரவாளுக்கு ஊரைச் சுத்திக் காட்டற வேலை உன்னோடது. உனக்குத்தான் பம்பாய் அத்துப்படி."

அத்துப்படிதான். ஆனால் அது வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருக்கிற பம்பாய். கேட்வேயை நான் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூட நாளில். எலிஃபண்டா குகைக்குப் போனதே கிடையாது. இந்த ஊரில் பிறந்த பலருக்கும் இதே கதைதான். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அதனால் விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ஒரு நாள் தனியாகக் கிளம்பிப் போய் ஒத்திகை பார்த்தேன். கேட்வே முன்னால் ஒரு போட்டோக்காரர் "மேடம், ஏக் போட்டோ?" என்று பின்னாலேயே வந்தார். சரியென்று நின்றேன். கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு விழித்தபடி ஒரு வெளியூர்க்காரி அந்தப் படத்தில் இருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

திரும்பி வந்ததும் கல்யாண வாட்ஸப் குழுவில் என் சிபாரிசுகளைப் போட்டேன். நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு கேட்வே, மெரின் டிரைவ் கடற்கரைச் சாலை. முட்டிவலிக்காரர்களுக்கு மாட்டுங்கா கோவில்களும் பூக்கடைகளும் ஒரு ஃபில்டர் காபியும். குழந்தைகளோடு வருகிறவர்கள் செம்பூரில் மோனோ ரயில் ஏறி வடாலா வரைக்கும் போய்த் திரும்பலாம். சதுப்பு நிலமும், டிராம்பே பக்கத்து எண்ணெய் ஆலைகளின் புகைக் குழாய்களும் மேலேயிருந்து தெரியும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளவும்.

உடனே பதில்கள் வந்தன. பாலக்காட்டு மருமகள் ஒருத்தி, நடிகர்கள் வீட்டு வாசலில் நிற்க விடுவார்களா என்று கேட்டாள். ராமநாதன் அண்ணா கட்டை விரலை மட்டும் உயர்த்தியிருந்தார்.

ரயில் பார்க்க வந்தவர்

அப்பா இருந்தபோது ஊரிலிருந்து யார் வந்தாலும் ராணி பாக் மிருகக் காட்சி சாலை, தொங்கும் தோட்டம், கடல். இந்த மூன்றுக்கு மேல் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு சமயம் ஒற்றப்பாலத்திலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். எங்கே அழைத்துக்கொண்டு போனாலும் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் வந்தார். மறுநாள் காலையில் ஆளைக் காணோம்.

தேடிப் போனால், மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றுகொண்டிருந்தார். கீழே லோக்கல் ரயில்கள் வருவதும் போவதுமாக இருந்தன. எத்தனை நேரமாக நிற்கிறாரோ தெரியாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இத்தனை ஜனங்களும் சாயங்காலம் அவாவா ஆத்துக்குச் சரியா திரும்பிப் போயிடறாளா?" என்று கேட்டார்.

அப்பாவுக்குச் சிரிப்பு. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. அன்றிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நான் வேடிக்கை பார்ப்பேன். கடற்கரைக்குக் கூட்டிப் போனால் ஒருத்தி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர் கட்டிடங்களில் காயப்போட்டிருக்கும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதுதான் பம்பாய்.

'சயான் பக்கம்'

நித்யா ஒரு வருடம் மழையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பிரபு. கால் சரியான பிறகும் இருவரும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பிரபுவின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா சுடலைமுத்து தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அம்மா பேச்சியம்மாள். கீழே பட்டறை, மேலே வீடு. இருப்பது தாராவியில்.

சுந்தரம் உடனே சம்மதிக்கவில்லை. பல மாதங்கள் பெண்ணோடு பேசாமல் இருந்தான். பிறகு பிரபுவோடு பேசிப் பார்த்ததில் பையனைப் பிடித்துவிட்டது. பையனைப் பிடித்தது, பையனின் விலாசத்தைப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வீடு எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் "சயான் பக்கம்" என்றான். பொய்யும் இல்லை. நிச்சயதார்த்தத்தை மாட்டுங்காவில் ஒரு ஹாலில் வைத்துக்கொண்டான். சம்பந்தி வீட்டு வாசலை அவன் மிதிக்கவே இல்லை. நான் மட்டும் நித்யாவோடு சில தடவை போய் வந்திருக்கிறேன்.

அவன் பயந்தது முக்கியமாக ராமநாதன் அண்ணாவுக்கு. பெரியப்பாவின் பிள்ளை, எங்கள் குடும்பத்திலேயே மூத்தவர். கோயம்புத்தூரில் கல்லூரியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஒன்றைச் சரியென்று சொன்னால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். தப்பென்று சொன்னால் மூடவே மாட்டார்கள்.

அந்த அண்ணாதான் இப்போது சயான் சிக்னலில் தாராவி எந்தப் பக்கம் என்று கேட்கிறார்.

வேனுக்குள்

"டிராஃபிக் ஜாஸ்தியா இருக்கும் அண்ணா. நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

"நாளைக்கு நலங்கு, அது இதுன்னு ஆயிடும். வெள்ளைக்காரன் எல்லாம் வந்து பார்த்துட்டுப் போறான். நான் எத்தனை வீடியோ பார்த்திருக்கேன் தெரியுமா? தெருத்தெருவா தமிழ் போர்டு. நாம பார்க்காம யார் பார்க்கறது?" என்று சொல்லி, அண்ணா போனில் காமிராவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து அண்ணாவின் மனைவி சரோஜா மன்னி குரல் கொடுத்தாள். "கல்யாணத்துக்கு வந்த எடத்துல சாக்கடையைத் தேடிண்டு போகணுமா? பேசாம ரூமுக்குப் போலாம்."

அந்த நேரம் பார்த்து சுந்தரம் போன் செய்தான், எங்கே இருக்கிறோம் என்று கேட்க. குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, ப்ளீஸ். வேண்டவே வேண்டாம். ஏதாவது சொல்லிச் சமாளி."

போனை வைத்தேன். பச்சை விளக்கு விழுந்தது. டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார், நேராகவா இடதாகவா என்று.

எனக்கு ஒரு காட்சி கண் முன்னால் வந்தது. அண்ணா போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே சந்துக்குள் நடக்கிறார். மன்னி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வருகிறாள். கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு நிற்கும் பேச்சியம்மாள் திரும்பிப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். கல்யாணத்தில் நான் அவளுக்கு எப்படி மாலை எடுத்துக் கொடுப்பேன்? ஆனால் சமாளிக்கவும் எனக்கு மனசில்லை. அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்கள் அவர்கள், நான் மறைத்துவைக்க?

"அண்ணா" என்றேன். "வேடிக்கை பார்க்கன்னா நான் அங்க அழைச்சிண்டு போமாட்டேன். மாப்பிள்ளை ஆத்துக்குன்னா அழைச்சிண்டு போறேன்."

"மாப்பிள்ளை ஆத்துக்கா? அது சயான்னு தானே சொன்னான் சுந்தரம்?"

"இங்கதான் அண்ணா. தாராவியிலதான்."

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அண்ணா போனைப் பார்த்தார், வெளியே பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். பிறகு அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்போ வெறுங்கையோடவா போறது?" என்றார். "பழம் வாங்கணுமே. பூ வாங்கணும். வத்ஸலா, நல்ல பழம் எங்க கிடைக்கும்?"

டிரைவரிடம் இடது பக்கம் போகச் சொன்னேன்.

சந்துக்குள்

பெரிய ரோட்டில் வேனை விட்டுவிட்டு ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். தலைக்கு மேல் ஒயர்கள். அதற்கும் மேல் கல்யாணத்துக்குக் கட்டிய சீரியல் பல்புகள், பகலிலேயே எரிந்துகொண்டிருந்தன. புதுத் தோலும் பசையும் கலந்த வாசனை. அதில் எங்கிருந்தோ வறுத்த கொத்தமல்லியும் சேர்ந்துகொண்டது. அண்ணா வாசலுக்கு வாசல் நின்று எட்டிப் பார்த்தார். கை மட்டும் பழப் பையை விடவில்லை.

பேச்சியம்மாள் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியோடு ஓடி வந்தாள்.

"யம்மா! ஒரு வார்த்த சொல்லிருக்கப்படாதா? வாங்க, வாங்க. ஏன் வெளிய நிக்கிய? உள்ள வாங்க!"

அவர்கள் வீட்டுக்கும் ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பட்டறையில் மெஷின்களை ஓரமாகத் தள்ளி, பாய் விரித்து, பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி மன்னியின் பட்டுப் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடல் பாத்துட்டு வாரியளா? குடுத்து வச்சவிய. எங்கள இவ ஒரு எடத்துக்கும் கூட்டிட்டுப் போவல" என்றாள்.

"எங்கன கூட்டிட்டுப் போவ?" என்று பேச்சியம்மாள் சிரித்தாள். "வந்த நாள்லருந்து இந்தப் பட்டறை, கோயிலு, ஆஸ்பத்திரி. மெரின் டிரைவ நானே டிவியிலதான் பாத்திருக்கேன்."

எனக்குக் கேட்வேயில் எடுத்த அந்தப் படம் வெட்கம் தந்தது. நான் அறுபது வயதுக்குப் பிறகாவது போனேன். "நாளைக்குக் காலம்பற வேன் மெரின் டிரைவுக்குப் போறது. நலங்கு சாயங்காலம்தான். எல்லாரும் சேர்ந்து போலாமே" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பூக் கட்டிய கைகள் எல்லாம் நின்றன.

அண்ணா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுடலைமுத்துவிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். தோல் எங்கிருந்து வருகிறது, ஊரில் எந்த ஆற்றங்கரை, முதலில் வந்தபோது இங்கே உப்பங்கழி எதுவரை இருந்தது. சுடலைமுத்து அதிகம் பேசாதவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

மன்னிதான் தவித்தாள். கொடுத்த காபியை "வயத்துக்கு ஒத்துக்காது" என்று தள்ளி வைத்தாள். மேலே ஏறும் இரும்பு ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டேவிட்டாள்.

"நித்யா... இங்க எங்க இருக்கப் போறா?"

"அவிய வடாலாவுல பிளாட்டு பாத்திருக்காவ. கல்யாணம் முடிஞ்சதும் அங்கதான்" என்றாள் பேச்சியம்மாள்.

"அப்பாடா" என்றாள் மன்னி.

சொன்ன பிறகுதான் அது வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. சமாளிக்கப் போய் இன்னும் மோசமாக்கினாள். "இல்ல, சுந்தரம் எங்களண்ட சயான்னுதான் சொல்லியிருந்தான், அதான்..."

பூத் தொடுத்த பெண்களில் யாரும் நிமிரவில்லை. பேச்சியம்மாள் மன்னியின் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, "சயான் என்ன, நடந்தா வந்துரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சுடலைமுத்து எழுந்து வெளியே போய்விட்டார்.

சுடலைமுத்து கேட்டது

நாங்கள் கிளம்பும்போது அவர் சந்து முனையில் காத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களை முன்னால் போகவிட்டு என்னை மட்டும் நிறுத்தினார்.

"உங்க தம்பிய நான் கொற சொல்லல. பொண்ணப் பெத்தவரு. அவருக்கு ஆயிரம் யோசன இருக்கும்."

முன்னால் போகிறவர்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஊர்லருந்து என் அண்ணன் தம்பிமாரு வந்திருக்கானுவ. கல்யாணப் பந்தியில எவனாவது கேப்பான், சம்பந்தி உன் வீட்டுக்கு வந்தாவளா, கை நனைச்சு ஒரு வாய் சாப்பிட்டாவளான்னு. நான் என்ன சொல்லுததுக்கு? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே என்ன பதில் சொல்வது என்று என்னிடம் கேட்டார். அதனால்தான் செம்பூர் போய்ச் சேரும் வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சுந்தரம் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "உன்னை யாரு அங்க போகச் சொன்னா? எல்லாத்தையும் கெடுத்துட்டியே அக்கா!"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவில் சாய்ந்தார். நாள் முழுக்கச் சுற்றிய களைப்பே தெரியவில்லை.

"சுந்தரம், ஒண்ணு கேக்கணும். அந்தப் பட்டறையில ஜன்னலாண்டை ஒரு பழைய மெஷின் இருக்கே, பூட்டி வெச்சிருக்கே, அது என்ன கதை? நான் கேக்க மறந்துட்டேன். உன்கிட்ட சொல்லியிருப்பாரே?"

சுந்தரம் என்னைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது அண்ணா" என்றான்.

"நீ பார்த்ததில்லையா? கண்ணுல படாம இருக்காதே. ஜன்னல் ஓரமாவே..."

"நான் போனதில்லை."

அண்ணாவுக்கு அது முதலில் புரியவில்லை. மெஷினைப் பற்றித்தான் அவர் யோசனை. புரிந்ததும் நெற்றியைச் சுருக்கினார். "போனதே இல்லையா? பொண்ணைக் குடுக்கற எடத்துக்கா?" குளிக்கப் போய்விட்டார்.

சுந்தரத்தைப் பால்கனிக்கு அழைத்துப் போய், சுடலைமுத்து கேட்டதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கீழே காலனிப் பிள்ளைகள் பந்தை ஜன்னலில் அடித்துவிட்டு ஓடினார்கள். அவன் அவர்களைக்கூட அதட்டவில்லை.

"நாளைக்கு அவாளையும் வேன்ல அழைச்சிண்டு போறதா சொல்லிட்டேன்" என்றேன். "நான் மாட்டுங்காவில நம்மாத்து மனுஷாளோட நிப்பேன். அங்க போய் அவாளை யாராவது கூப்பிட்டுண்டு வரணும்."

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் காலை

நான் மாட்டுங்காவில் காபிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அண்ணா பூக்கடையில் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். மன்னி வந்திருந்தாள், ஆனால் என்னோடு பேசவில்லை. வேன் யாரோடு போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. டிரைவரை மட்டும் சுந்தரம் அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன்.

போன் அடித்தது.

"அக்கா, ரோட்டுல இறங்கிட்டேன். எந்தச் சந்துன்னு தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"நீயா போயிருக்க?"

"பின்ன யாரு போறது? வழியைச் சொல்லு."

"பிள்ளையார் கோவிலைத் தாண்டி வலது பக்கம்."

"ரெண்டு பிள்ளையார் கோவில் இருக்கே."

எனக்கும் நிச்சயமில்லை. நித்யாவின் பின்னாலேயே போய் வந்தவள் நான். "யாரையாவது கேளேன்" என்றேன்.

அவன் போனை அணைக்கவில்லை. ஒரு குக்கர் விசில் கேட்டது. தையல் மெஷின் ஓடி நின்றது. ஸ்கூட்டர் ஒன்று வழி கேட்டுக் கத்தியது. பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"யாரு வீட்டுக்குப் போவணும்?"

"பை தைக்கறாரே, சுடலைமுத்து. அவர் ஆத்... அவர் வீட்டுக்கு."

"கல்யாண வீடா? நீங்க யாரு?"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான் அவருக்குச் சம்பந்தி" என்றான். "பொண்ணோட அப்பா."

"யத்தே! பேச்சியத்தே! சம்பந்தி வந்திருக்காவ!"

அந்தப் பெண் போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குரல் அதையே வாங்கிக் கூவியது. அதற்கும் உள்ளே வேறொரு குரல். கதவுகள் திறப்பதும், பெண்கள் பேசிக்கொண்டே வருவதும் கேட்டது. யாரோ "வாங்க, வாங்க, பாத்து, படி இருக்கு" என்றார்கள்.

"அக்கா, நீ வை" என்றான் சுந்தரம். "காபி குடிச்சுட்டுத்தான் வருவோம். லேட்டாகும்னு அண்ணாகிட்ட சொல்லிடு."